ஆட்சி மாறியும் கலையாத வரிசைகள்

தென்கிழக்கு ஆபிரிக்காவில், தான்சானியா, மொஸாம்பிக், ஸாம்பியா ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே கடற்கரையின்றி நீண்டு கிடக்கும் மலாவி, உலகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் நாடு அல்ல. 1964 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் திகதி பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்றது முதல் அந்நாட்டில் இராணுவம் ஒருமுறையேனும் ஆட்சியைக் கைப்பற்றியதில்லை. உள்நாட்டு யுத்தமும் மூண்டதில்லை. ஆயினும், தலைவரை மாற்றினால் சாதாரண மனிதனின் அன்றாட வாழ்வும் மாறிவிடுமா என்ற கேள்விக்கு விடை தேட முற்படும் எவரும் இந்த ஏழை நாட்டின் அண்மைக்கால வரலாற்றைத் தவிர்த்துவிட முடியாது.

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், பதவியிலிருந்த லாஸரஸ் சக்வேரா படுதோல்வி அடைந்தார். அவருக்கு 33 வீதமளவான வாக்குகளே கிடைத்தன. ஏறத்தாழ 57 வீத வாக்குகளைப் பெற்று வெற்றியீட்டியவர் 85 வயதான பீற்றர் முத்தாரிக்கா. இவர் புதியவர் அல்லர். 2014 முதல் 2020 வரை ஆட்சியிலிருந்து, அதே சக்வேராவிடம் தோற்று வீடு சென்றவர். மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இருபது வயதையும் எட்டாத ஒரு நாடு, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் தான் நிராகரித்த முதியவரையே மீண்டும் அழைத்து வந்து ஆசனத்தில் அமர்த்தியிருக்கிறது. இதனை வாக்காளரின் மறதி என்று கூறிவிட முடியுமா? முடியாது என்பதே எமது கருத்து.

இதனை விளங்கிக்கொள்வதற்கு 2019 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் முத்தாரிக்கா 38 வீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால், வாக்கு எண்ணிக்கைப் படிவங்களில் எழுத்துப் பிழைகளை அழிக்கப் பயன்படும் வெண்ணிறத் திரவம் பூசப்பட்டு இலக்கங்கள் திருத்தப்பட்டிருந்தமை அம்பலமாகியது. மக்கள் மாதக்கணக்கில் வீதிகளில் இறங்கினர். 2020 பெப்ரவரி 3 ஆம் திகதி, குண்டு துளைக்காத அங்கிகளை அணிந்து இராணுவப் பாதுகாப்புடன் நீதிமன்றத்துக்கு வந்த ஐந்து நீதிபதிகள், அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். வெற்றி பெறுபவர் அளிக்கப்பட்ட வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெற்றாக வேண்டும் என்றும் அவர்கள் வலியுறுத்தினர். அதே ஆண்டு ஜூன் 23 இல் நடைபெற்ற மறுதேர்தலில் சக்வேரா ஏறத்தாழ 59 வீத வாக்குகளைப் பெற்றார். நீதிமன்றம் இரத்துச் செய்த தேர்தல் மீண்டும் நடத்தப்பட்டு, அதில் எதிர்க்கட்சி வெற்றி பெற்றமை ஆபிரிக்க வரலாற்றில் அதுவே முதல் தடவையாகும்.

சக்வேரா கிறிஸ்தவ சபையொன்றின் தலைவராக நீண்டகாலம் பணியாற்றிய மதகுரு. ஊழலைத் துடைத்தெறிவதாகவும் பத்து இலட்சம் தொழில்வாய்ப்புகளை உருவாக்குவதாகவும் வாக்குறுதியளித்தார். "நாம் எல்லோரும்" என்று பொருள்படும் பெயரைச் சூடிய கூட்டணியின் தலைவராகவே அவர் பதவியேற்றார். நாடு புது யுகத்தில் காலடி வைப்பதாகவே மக்கள் நம்பினர்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றில் இயற்கையின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 2022 ஜனவரியில் வீசிய அனா சூறாவளி கப்பிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சிதைத்து, நாட்டின் மின் உற்பத்தியில் பெரும் பகுதியை ஒரே நாளில் பறித்துச் சென்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஆரம்பித்த வாந்திபேதி, அந்நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய கொள்ளைநோயாகப் பரவி 1,700 க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2023 மார்ச்சில் பிரெடி சூறாவளி பிளான்டயர் நகரின் மலைச்சரிவுகளில் இருந்த குடியிருப்புகளைச் சேற்றினுள் புதைத்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஆயிரத்துக்கும் அதிகமானோரை நாடு இழந்தது. 2024 மார்ச்சில், வறட்சி காரணமாக 28 மாவட்டங்களில் 23 மாவட்டங்கள் அனர்த்தப் பிரதேசங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. எந்த அரசாங்கத்தையும் தள்ளாட வைக்கக்கூடிய அடிகள் இவை.

ஆனால், மலாவியின் வாக்காளர்கள் சூறாவளிக்காகச் சக்வேராவைத் தண்டிக்கவில்லை. அவர்கள் தண்டித்தது வரிசைகளுக்காக. பெற்றோல் நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வாகனங்கள் காத்துக் கிடந்தன. எரிபொருள் நிலையத்தில் இல்லாத பெற்றோல், வீதியோரத்தில் கலன்களில் பன்மடங்கு விலைக்குக் கிடைத்தது. சிற்றூர்திகளின் கட்டணம் ஏற, சந்தைக்குச் செல்லும் மரக்கறியின் விலையும் ஏறியது. சீனிக்கும் வரிசை, மருந்துக்கும் வரிசை. 2024 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் குடிவரவுத் திணைக்களத்தின் கணினி முறைமைக்குள் ஊடுருவியோர் கப்பம் கோருவதாகவும் அதனைச் செலுத்தப் போவதில்லை என்றும் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். கடவுச்சீட்டு கிடைக்காமல், வெளிநாடு சென்று உழைக்கலாம் என்றிருந்த இளைஞர்கள் வாரக்கணக்கில் முடங்கினர். கப்பம் செலுத்த மறுத்தது சரியான முடிவே. எனினும் வரிசையில் நின்றவனுக்கு வேண்டியிருந்தது கடவுச்சீட்டு.

இந்த வரிசைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. அது டொலர் பற்றாக்குறை. மலாவியின் ஏற்றுமதி வருமானத்தில் புகையிலையே முதலிடம் வகிக்கிறது. தியோலோ, முலான்ஜே பகுதிகளின் தேயிலையும் சீனியும் அதற்கு அடுத்த நிலையில் வருகின்றன. இவையனைத்தும் சேர்ந்து ஈட்டும் வருமானம் இறக்குமதிச் செலவின் மூன்றில் ஒரு பங்கை அண்டியதாகவே இருந்து வருகிறது. புகையிலை ஏலம் நடைபெறும் மாதங்களில் வங்கிகளுக்குள் டொலர் வரும். ஏலம் முடிந்ததும் அது வற்றிவிடும். எரிபொருளோ உரமோ அயல்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தரைவழியாக வந்துசேர வேண்டும். உலகம் புகைத்தலைக் கைவிடத் தலைப்பட்டுள்ள காலத்தில், ஒரு நாடு தன் வயிற்றைப் புகையிலையிடம் அடகு வைத்திருப்பதன் அபாயத்தை விபரிக்க வேண்டியதில்லை.

டொலர் பற்றாக்குறைக்குப் பொருளியலாளர் கூறும் வழமையான மருந்து நாணய மதிப்பிறக்கம். சக்வேரா அரசு 2022 மே மாதத்தில் குவாச்சாவின் மதிப்பை 25 வீதத்தாலும் 2023 நவம்பரில் 44 வீதத்தாலும் குறைத்தது. இரண்டாவது மதிப்பிறக்கத்தைத் தொடர்ந்து சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 17½ கோடி டொலர் கடனுக்கு அனுமதி வழங்கியது. தம் வெளிநாட்டுப் பயணங்களையும் அமைச்சர்களின் பயணங்களையும் சில மாதங்களுக்கு நிறுத்துவதாகவும் உயர் அதிகாரிகளின் எரிபொருள் கொடுப்பனவைப் பாதியாகக் குறைப்பதாகவும் ஜனாதிபதி அறிவித்தார். நல்ல அறிவிப்புத்தான். அதனை ஆட்சியின் முதல் மாதத்தில் செய்திருந்தால் மக்கள் தியாகம் என்று கொண்டிருப்பர். மூன்று ஆண்டுகள் கடந்து, மக்களின் பணப்பை கரைந்த பின்னர் செய்ததால் அது வேறு வழியற்ற செயலாகவே கருதப்பட்டது.

தேர்தல் நெருங்கியதும் மூன்றாவது மதிப்பிறக்கத்துக்கு அரசு துணியவில்லை. உத்தியோகபூர்வ விலை ஒரு டொலருக்கு 1,750 குவாச்சாவை அண்டி நிற்க, கறுப்புச் சந்தையில் அது 4,000 ஐயும் தாண்டியது. நிபந்தனைகள் நிறைவேற்றப்படாத நிலையில் நாணய நிதியத்தின் திட்டமும் 2025 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. இங்கேதான் தலைமைத்துவம் பற்றிய மெய்யான கேள்வி எழுகின்றது. ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் இருக்கும் நாட்டில், மலிந்த விலையில் அதனைப் பெறும் வழி யாருக்குத் திறந்திருக்கிறதோ அவரே செல்வந்தராகிறார். உத்தியோகபூர்வ விலையில் டொலர் பெற்றவர் அதனைக் கைமாற்றினாலே இரட்டிப்பு இலாபம். இதற்கு நேர்மையற்ற ஜனாதிபதி தேவையில்லை. பார்த்தும் பாராதிருக்கும் ஓர் அரசாங்கம் போதும். கிராமத்து விவசாயியோ, புகையிலையை உத்தியோகபூர்வ விலைக்கு விற்றுவிட்டு, உரத்தையும் சவர்க்காரத்தையும் கறுப்புச் சந்தை விலையில் வாங்குகிறான். இரண்டு விலைகளுக்குமிடையிலான வித்தியாசம் முழுவதும் அவனது முதுகிலிருந்தே உரிக்கப்படுகிறது.

மலாவி இந்தக் காட்சியைக் காண்பது இது முதல் தடவையல்ல என்பதே வேதனைக்குரியது. முத்தாரிக்காவின் மூத்த சகோதரரான பிங்கு வா முத்தாரிக்கா 2004 இல் ஜனாதிபதியானவர். மேற்கு நாடுகளின் ஆலோசனைகளைப் பொருட்படுத்தாது, ஏழை விவசாயிகளுக்கு மானிய விலையில் உரமும் விதையும் வழங்கி, பட்டினியால் வாடிய நாட்டில் சோள விளைச்சலைப் பெருக்கியவர். அதற்கு நன்றியாக 2009 இல் மக்கள் அவரைப் பெருவெற்றி பெறச் செய்தனர். அதன் பின்னர் அவருடைய போக்கு மாறியது. ஜனாதிபதிக்கென விமானம் வாங்கப்பட்டது. விமர்சனங்கள் துரோகமாகக் கொள்ளப்பட்டன. 2011 இல் பிரித்தானியத் தூதுவர் வெளியேற்றப்பட்டார், உதவிகள் நின்றன, டொலர் வற்றியது, பெற்றோல் வரிசைகள் தோன்றின. அவ்வாண்டு ஜூலையில் வீதிக்கு வந்த மக்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டதில் ஏறத்தாழ இருபது பேர் உயிரிழந்தனர். இறுதிவரை நாணயத்தைப் பெருமளவில் மதிப்பிறக்க அவர் இணங்கவில்லை.

2012 ஏப்ரலில் அவர் மாரடைப்பால் காலமானார். உப ஜனாதிபதியாயிருந்த ஜோய்ஸ் பண்டா பதவியேற்பதைத் தடுக்க அமைச்சர்கள் சிலர் முயன்றபோதிலும் அரசியலமைப்பே வென்றது. அவர் ஜனாதிபதி விமானத்தை விற்றார். நாணயத்தை மூன்றிலொரு பங்கு மதிப்பிறக்கினார். வெளிநாடுகள் பாராட்டின, உள்நாட்டில் விலைகள் ஏறின. இந்தப் பாராட்டு அடங்குமுன்னரே, 2013 இல், அரச கணக்குகளைக் கையாளும் கணினி முறைமையின் ஊடாகக் கோடிக்கணக்கான டொலர் பொதுப்பணம் சூறையாடப்பட்டமை வெளிவந்தது. மக்களைச் சிக்கனமாக வாழச் சொன்ன அரசின் திறைசேரியிலேயே ஓட்டை இருந்தது. 2014 தேர்தலில் ஜோய்ஸ் பண்டா மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

மதிப்பிறக்க மறுத்தவரின் ஆட்சியில் மக்கள் சுடப்பட்டனர். மதிப்பிறக்கியவர் தோற்கடிக்கப்பட்டார். இரண்டு தடவை மதிப்பிறக்கிவிட்டு மூன்றாவது தடவை தயங்கியவரும் தோற்கடிக்கப்பட்டார். ஆகவே பிரச்சினை மருந்தில் மட்டும் இல்லை. அந்தக் கசப்பை யார் முதலில் விழுங்குவது என்பதே பிரச்சினை. மலாவியின் அதிகார வர்க்கம் அதனை ஒருபோதும் முதலில் விழுங்கியதில்லை.

இப்பழக்கத்தின் மூலத்தைத் தேடினால் நாம் நாட்டின் முதலாவது தலைவரிடம் சென்றடைகிறோம். பிரித்தானியாவில் வைத்தியராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ஹேஸ்டிங்ஸ் கமுஸு பண்டா, 1971 இல் தம்மை ஆயுட்கால ஜனாதிபதியாக்கிக்கொண்டு முப்பது ஆண்டுகள் ஆண்டார். ஏனைய ஆபிரிக்கத் தலைவர்கள் தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பகிஷ்கரித்தபோது, அதனுடன் தூதரக உறவு கொண்டு அதன் நிதியுதவியுடன் லிலொங்வேயில் புதிய தலைநகரை எழுப்பினார். 1981 இல் அவர் தமது சொந்த மாவட்டத்தில் அமைத்த கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கட்டாய பாடங்கள். கற்பிக்க வெளிநாட்டு ஆசிரியர்கள் மட்டுமே அமர்த்தப்பட்டனர். அதே காலத்தில் பெரும்பாலான கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடசாலையே எட்டாக் கனியாயிருந்தது. தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு உச்சமானதையும் ஏனையோருக்கு எஞ்சியதையும் வழங்கும் அரசு அன்று உருவானது. பின்வந்தோர் ஆட்களை மாற்றினரே அன்றி அந்த அமைப்பை மாற்றவில்லை.

1993 இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் மக்கள் ஒரு கட்சி ஆட்சியை நிராகரித்தனர். 1994 இல் பண்டாவைத் தோற்கடித்த பக்கிலி முலூஸி ஒரு முஸ்லிம். முஸ்லிம்கள் ஏறத்தாழ 14 வீதமாக மட்டுமே உள்ள, கிறிஸ்தவப் பெரும்பான்மை நாடொன்று அவரை இரண்டு தவணைகள் ஜனாதிபதியாக்கியமை, பல்லின நாடுகளில் வாழும் எம் போன்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயமாகும். அங்கு வாக்கு மதத்தை விடப் பிராந்தியத்தையே அதிகம் சார்ந்து விழுகிறது. முலூஸி ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியதும், ஒரே ஆண்டில் மாணவர் தொகை ஏறத்தாழ 19 இலட்சத்திலிருந்து 30 இலட்சத்தை நெருங்கியது. மரநிழலில் வகுப்புகள் நடந்தன. ஓர் ஆசிரியரின் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்தனர். கதவு திறக்கப்பட்டது, உள்ளே ஆசிரியர் இல்லை. முத்தாரிக்கா இப்போது இடைநிலைக் கல்வியின் கட்டணத்தையும் நீக்குவதாக அறிவித்துள்ளார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால், 1994 இன் அனுபவத்தை அவர் மறந்திருக்க முடியாது. கல்வியமைச்சராகவும் இருந்த சட்டப் பேராசிரியர் அவர்.

மலாவியின் கிழக்கு எல்லை நெடுகிலும் ஒரு மாபெரும் நன்னீர் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு இலங்கையின் பரப்பளவில் ஏறத்தாழ அரைப்பங்கு. அந்த ஏரியின் கரையில் வாழும் விவசாயி, மழை பொய்த்தால் பட்டினி கிடக்கிறான். அவனது சோளச் செய்கை ஆண்டுக்கொரு மழையை மட்டுமே நம்பியிருக்கிறது. டிசெம்பர் முதல் மார்ச் வரை, பழைய தானியம் தீர்ந்து புதிய கதிர் முற்றாத மாதங்களில், சோளமாக் களி ஒரு வேளையாகச் சுருங்குகிறது. ஆறு தசாப்தங்களில் ஆறு ஜனாதிபதிகள் வந்தனர். எவரும் அந்த ஏரி நீரைப் பரந்த அளவில் வயலுக்குக் கொண்டுசெல்லவில்லை. நீர்ப்பாசனத்தின் பலன் பத்து, பதினைந்து ஆண்டுகளின் பின்னரே கிடைக்கும். உர மானியத்தின் பலனோ அடுத்த தேர்தலுக்கு முன்னர் கிடைத்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு அப்பால் பார்க்க மறுக்கும் அரசியலின் விலை இதுதான்.

எஞ்சிய இடைவெளியை வெளிநாட்டு உதவி நிரப்பி வந்தது. மலாவியில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். அவர்களுடைய சிகிச்சை பெரும்பாலும் வெளிநாட்டு நிதியிலேயே தங்கியிருந்தது. 2025 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அமெரிக்கா தன் உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, வோஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையொப்பம் மலாவியின் கிராமத்து மருத்துவ நிலையத்தை எட்டியது. 2023 நவம்பரில், காஸா யுத்தம் உக்கிரமடைந்திருந்த வேளையில், 200 க்கும் மேற்பட்ட மலாவி இளைஞர்கள் பண்ணை வேலைக்காக இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டமை பாராளுமன்றத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்த இளைஞர்களை நாம் குறைகூற மாட்டோம். பிள்ளைகளை யுத்த களத்தின் அருகே அனுப்பியாவது டொலர் தேட வேண்டிய நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தோரே பதில் கூற வேண்டியவர்கள்.

இவற்றை எழுதும்போது எமது சொந்த அனுபவத்தை மறந்துவிட்டு எழுத முடியவில்லை. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற எமது வாசகர்களுக்கு மலாவி தொலைதூர நாடு அல்ல. அதே டொலர் பற்றாக்குறை, அதே கறுப்புச் சந்தை, அதே நாணய மதிப்பிறக்கம், அதே நாணய நிதியம். வேறுபாடு யாதெனில், எமக்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் தந்த அடித்தளம் ஓரளவேனும் தாங்கிப் பிடித்தது. உலக வங்கியின் கணிப்பில் பத்தில் ஏழு பேர் கொடிய வறுமையில் வாழும் மலாவிக்கு அத்தகைய அடித்தளம் இல்லை. வரிசை கலைந்ததும் அது உருவான காரணமும் கலைந்துவிட்டதாக எண்ணும் மறதி மட்டும் இரு நாடுகளுக்கும் பொதுவானது.

மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் 2020 இற்குப் பின்னர் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, இளைஞர்கள் தெருவில் இறங்கி அதனை வரவேற்ற காட்சிகளை உலகம் கண்டது. தேர்தல்கள் வயிற்றை நிரப்பாதபோது மக்கள் சீருடையை நம்பத் தலைப்படுகின்றனர். மலாவி மக்கள் அந்த வழியை நாடவில்லை. 2020 இல் நீதிமன்றத்தின் மூலமும் 2025 இல் வாக்குச்சீட்டின் மூலமும் இரண்டு தடவை ஆட்சியாளரை அமைதியாக அகற்றினர். சக்வேராவும் முடிவுகள் அறிவிக்கப்பட்ட அன்றே தோல்வியை ஏற்றுக்கொண்டு தாம் தேர்தலில் பெறாத கௌரவத்தைத் தேடிக்கொண்டார். பொறுமைக்கும் பக்குவத்துக்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மக்கள் தமது கடமையைச் செய்துவிட்டனர். இனிச் செய்ய வேண்டியவர்கள் ஆள்வோர். முத்தாரிக்காவின் மேசையில் இருப்பதும் சக்வேரா விட்டுச் சென்ற அதே கணக்குத்தான். டொலருக்கு இரண்டு விலைகளை வைத்து நண்பர்களைக் காப்பதா, ஒரு விலையை ஏற்று, அதன் சுமையை மாளிகையிலிருந்து ஆரம்பித்துக் குடிசை நோக்கி இறக்குவதா என்ற தெரிவு அவர் முன் உள்ளது. புகையிலைக்கு மாற்றுப் பயிரும் ஏரிக்கரையில் வாய்க்காலும் அவரது ஆயுட்காலத்தில் பலன் தராமற் போகலாம். தாம் அறுவடை செய்யாத வயலில் விதைக்கத் துணிபவரே தலைவர். அத்தகைய ஒருவரை மலாவி மக்கள் இதுவரை ஆறு தடவை தேடிவிட்டனர். ஒவ்வொரு தடவையும் அவர்கள் திரும்பி வந்து நின்றது ஒரு வரிசையில்தான். வாக்களிப்பதற்கு நிற்கும் வரிசையின் மீதான நம்பிக்கை, பெற்றோலுக்கு நிற்கும் வரிசையில் கரைந்துவிடாமல் காப்பதே புதிய ஆட்சியின் முதற் பணியாகும்.